பாம்பன் பாலத்தைத் தாண்டாத நாட்கள்

கணையப் புற்றுநோய் முற்றி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டால், உடம்பின் சொந்தக் காவல் படையைத் தட்டி எழுப்பும் மருந்து என்ன செய்யும்? என்ன செய்யாது?

46-லிருந்து 11-ஐக் கழித்தால் எவ்வளவு? பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால், "35!" என்று பட்டென்று சொல்லிவிடுவான். அவனுக்கு அது கணக்கு. ஆனால், ராமேசுவரம் தீவில் வயிறு பானையாக வீங்கிய நோயாளியை வைத்துக்கொண்டு பராமரிக்கும் வீட்டாருக்கு அந்த 35 வெறும் கணக்கல்ல. விடிவதற்கு முன் எழுந்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவிப்பவரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி, பாம்பன் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசியம் ஒரு மாதத்துக்கு மேல் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இந்த 46-ம் 11-ம் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் வியாதியைச் சற்றுத் தெரிந்துகொள்வோம்.

கண்மாயும் கலுங்கும்

வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதை நம் பெரியவர்கள் 'மகோதரம்' என்பார்கள். பெரிய வயிறு என்பதுதான் அதன் பொருள். முதலில் புடவைக் கொசுவம் எட்டாது. ரவிக்கையின் கீழ்க் கொக்கி இறுக்கும். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோகும். நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். கையும் காலும் குச்சியாக மெலிய, வயிறு மட்டும் நிறை மாதக் கர்ப்பிணியைப் போல் முன்னே தள்ளி நிற்கும்.

மகோதரம் என்றாலே புற்றுநோய் என்று யாரும் கலங்க வேண்டாம். நம் நாட்டில் அதற்கு முக்கியக் காரணம் கல்லீரல் கெட்டுப்போவதுதான். வயிற்றுக்குள் வரும் காச நோய், இருதயத்தின் பலவீனம் ஆகியவற்றாலும் நீர் கோக்கும். புற்றுநோய் பல காரணங்களில் ஒன்று. ஆகவே வயிறு வீங்கினால் முதற் காரியம், ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துப் பரிசோதிப்பது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவிலிருந்து வயிற்று நீரில் இருக்கும் ஆல்புமின் அளவைக் கழித்துப் பார்ப்பார்கள். மிச்சம் 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் (100 மில்லிலிட்டருக்கு), கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் வயிற்றின் உள்ளுறைச் சவ்வு மீது சந்தேகம் விழுகிறது. ஒரு கழித்தல் கணக்கு சிகிச்சையின் திசையையே காட்டிவிடுகிறது, பாருங்கள்!

ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு இந்த நீரின் சங்கதியைப் புரிய வைப்பது சுலபம். கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு; உபரி நீர் வழிய கலுங்கு உண்டு. வரத்தும் போக்கும் சரியாக இருந்தால் கண்மாய் தன் அளவில் நிற்கும். நம் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில் எப்போதும் சிறிதளவு நீர் கசிந்துகொண்டே இருக்கும். குடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு அது எண்ணெய் மாதிரி. கசிந்த நீரை நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

புற்றணுக்கள் இந்தச் சவ்வின் மேல் விதை தூவினாற்போல் விழுந்துவிட்டால் இரண்டு கெடுதல்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து கசிவு பெருகுகிறது. நிணநீர்க் குழாய்கள் அடைபட்டுப் போக்கு நின்றுவிடுகிறது. வரத்து வெள்ளம்; கலுங்கோ மண் மூடிக் கிடக்கிறது. கண்மாய் நிரம்பாமல் என்ன செய்யும்?

பின்கட்டு உறுப்பு

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். பின்கட்டில் ஓசைப்படாமல் வேலை செய்யும் சமையற்காரியைப் போல், ஜீரணத்துக்கு வேண்டிய ரசங்களையும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் அது தயாரித்துக் கொடுக்கிறது. பின்கட்டில் இருப்பதனாலேயே அங்கே நடக்கும் கோளாறு வாசலுக்குத் தெரிய நாளாகிறது. காரணமின்றி எடை குறைதல், முதுகுக்குப் பாயும் மேல் வயிற்று வலி, மஞ்சள் காமாலை, எண்ணெய் மிதக்கும் வெளிறிய மலம், வயது வந்த பிறகு புதிதாகத் தோன்றும் நீரிழிவோடு உடம்பு இளைத்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள். புதிதாக நீரிழிவு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையத்தில் கட்டி எதுவும் இருக்காது. ஆனால் இந்தக் குறிகள் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

தாமதமாகத் தெரிவதால்தான் இந்த வியாதி இவ்வளவு பொல்லாததாக இருக்கிறது. கோவாவின் முதல் மந்திரியாக இருந்த மனோகர் பாரிக்கர் 2019 மார்ச்சில் இந்த நோயால் காலமானார். வைத்திய வசதிக்குக் குறைவில்லாதவர்களையும் விட்டுவைக்காத நோய் இது. அதிலும் வயிற்றில் நீர் கோக்கும் நிலை வந்துவிட்டால், மிச்ச நாட்களைப் பெரும்பாலும் மாதங்களில்தான் எண்ண வேண்டியிருக்கிறது. கசப்பான உண்மைதான், ஆனால் இதை மறைத்துவிட்டு மேலே சொல்லப் போகும் எதையும் சரியாகச் சொல்ல முடியாது.

இறைப்பதும் ஊறுவதும்

நீர் கோத்தால் பழைய, இன்றும் முதன்மையான பரிகாரம் ஊசி வழியாக அதை இறைத்துவிடுவது. இடம் பார்த்து, மரத்துப்போகும் மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். சில மணி நேரத்தில் பல லிட்டர் நீர் வடிந்துவிடும். அன்று இரவு நோயாளி நிமிர்ந்து படுத்துத் தூங்குவார். மறுநாள் கொஞ்சம் ரசம் சாதம் கேட்பார். வீட்டில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வரும்.

ஆனால் ஊற்றை அடைக்காமல் கேணியை இறைத்தால் மறுபடி ஊறத்தானே செய்யும்? பத்து நாளிலோ இரண்டு வாரத்திலோ வயிறு மறுபடி நிறைந்துவிடுகிறது. இறைத்த நீரோடு உடம்பின் புரதமும் போவதால் ஒவ்வொரு முறையும் ஆள் சற்று மெலிகிறார். ஜப்பானில் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். 1980-களிலிருந்து அங்கே வயிற்று நீரைச் சேகரித்து, வடிகட்டி, புற்றணுக்களை நீக்கி, புரதத்தை மட்டும் சுண்டவைத்தாற்போல் திரட்டி, அதே நோயாளியின் ரத்தத்தில் திருப்பிச் செலுத்துகிறார்கள். சிக்கனமான இல்லத்தரசியின் மூளைதான்!

ஊற்றையே அடைக்க முடியுமா என்ற கேள்விதான் நம்மை நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு, அதாவது இம்யூனோதெரபிக்கு, அழைத்துப் போகிறது.

கரைவலை இழுக்கும் மருந்து

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் உடம்பின் காவல் படை. கிருமியைக் கண்டால் பாய்ந்து கொல்லும். ஆனால் புற்றணு அந்நியன் அல்லவே. நம் உடம்பிலேயே பிறந்து வளர்ந்து கெட்டுப்போன பிள்ளை. காவற்காரன் அதைப் பார்த்தும் 'நம் வீட்டுப் பையன்தான்' என்று விட்டுவிடுகிறான். அவனை உலுக்கி எழுப்புவதே இந்தச் சிகிச்சையின் தத்துவம். நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற டாக்டர் 1891-லேயே கிருமிகளை ஊசியாகப் போட்டு இதை முயன்று பார்த்தார். ஜப்பானில், பெனிசிலினால் செயலற்றுப்போகச் செய்த ஒரு வகைக் கிருமியை 1975-ல் மருந்தாகவே அங்கீகரித்தார்கள். புற்றுநோயால் கோத்த நீருக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

வயிற்று நீருக்கென்றே தயாரான மருந்து ஒன்று ஜெர்மனியில் பிறந்தது. அதன் பெயர் கேட்டுமாக்சோமாப். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வேலை எளிதில் புரியும். அது பாதி சுண்டெலியிடமிருந்தும் பாதி எலியிடமிருந்தும் வந்த ஓர் எதிர்ப்புப் புரதம். பிள்ளையாரின் வாகனத்துக்கு இப்படியும் ஒரு திருப்பணி!

மன்னார் வளைகுடாக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் ஒரு கயிற்றை ஒரு கூட்டம் பிடிக்கும். மறு கயிற்றை இன்னொரு கூட்டம் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தால்தான் மீன் கரை சேரும். இந்த மருந்துக்கும் அப்படி இரண்டு கைகள். ஒரு கை, புற்றணுவின் மேல் இருக்கும் 'எப்காம்' என்ற அடையாளத்தைப் பற்றிக்கொள்கிறது. மறு கை, 'டி' அணு என்ற காவற்கார வெள்ளணுவைப் பிடித்து இழுத்து வந்து, "இவன்தான் திருடன், பார்!" என்று எதிரே நிறுத்துகிறது. இது போதாதென்று அதன் கால் பகுதி வேறு சில காவலணுக்களையும் கூவி அழைக்கிறது. மூன்று தரப்பும் ஒன்று கூடினால் புற்றணு அழிகிறது. சவ்வின் மேல் இருக்கும் புற்றணுக்கள் குறையக் குறைய, கசிவும் குறைகிறது.

மருந்தை வயிற்றுக்குள் வைத்த குழாய் வழியாகவே சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். முதல் நாள் 10 மைக்ரோகிராம். பிறகு 3-ஆம் நாள் 20, 7-ஆம் நாள் 50, 10-ஆம் நாள் 150. நாலு தவணையும் சேர்த்தால் மொத்தம் 230 மைக்ரோகிராம். வாலிநோக்கம் உப்பளத்து உப்பை மேசைக்கு ஏற்றபடி பொடித்தால், அதில் நாலைந்து பொடியின் எடை, அவ்வளவே! அத்தனை சிறியதற்கு அத்தனை வீரியம். ஆகவேதான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். காவல் படை விழித்தெழும்போது சும்மா எழுவதில்லை. காய்ச்சல், குமட்டல், வாந்தி, வயிற்று வலி எல்லாம் வரும். ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்துத்தான் கொடுக்க வேண்டும்.

35 நாளின் விலை

இப்போது கணக்குக்கு வருவோம். ஐரோப்பாவில் 258 நோயாளிகளிடம் இந்த மருந்தைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு நீரை இறைத்து மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இறைப்பது மட்டும். மறுபடி ஊசி குத்த வேண்டி வருவது, அல்லது மரணம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை எத்தனை நாள் என்று எண்ணினார்கள். இறைப்பது மட்டும் செய்தவர்களில் நடுவில் நிற்பவருக்கு 11 நாள். மருந்தும் பெற்றவர்களில் நடுவில் நிற்பவருக்கு 46 நாள்.

ஆயுள் எவ்வளவு கூடிற்று என்று உடனே கேட்கத் தோன்றும். மருந்து பெற்றவர்களுக்கு 72 நாள், பெறாதவர்களுக்கு 68. வித்தியாசம் 4 நாள்தான். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு உறுதியானதல்ல. சோதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் சினைப்பைப் புற்றுநோய்க்காரர்கள். கணையப் புற்றுநோய்க்காரர்கள் ஒரு சிறு பகுதியே.

ஆக, இந்த மருந்து நாட்களைக் கூட்டவில்லை. இருக்கும் நாட்களின் குணத்தை மாற்றிற்று. அவை ஊசியில்லாத நாட்கள், வண்டிப் பிரயாணமில்லாத நாட்கள், பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வயிறு இடம் கொடுக்கும் நாட்கள். இதை அற்பம் என்று சொல்கிறவர்கள் இப்படிப்பட்ட நோயாளிக்கு ஒரு வாரம் பணிவிடை செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதே சமயம், இதைக் 'குணமாக்கும் மருந்து' என்று யாராவது சொன்னால் அது பொய் என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த மருந்தின் ஜாதகமும் விசித்திரமானது. 2009-ல் ஐரோப்பிய யூனியன் அனுமதி கொடுத்தது. 2017-ல், கம்பெனியே கேட்டுக்கொண்டபடி, அனுமதி ரத்தாயிற்று, வியாபாரம் கட்டவில்லை. பிறகு வேறொரு கம்பெனி முயன்று, 2025 பிப்ரவரியில் 'கோர்ஜூனி' என்ற புதுப் பெயரில் மறுபடி அனுமதி பெற்றது. புற்றணுவின் மேல் எப்காம் அடையாளம் இருக்க வேண்டும், உடம்பு முழுவதற்குமான மற்றப் புற்றுநோய் மருந்துகள் இனிக் கொடுக்க முடியாத நிலையாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவரும் சரக்கல்ல இது.

கருவேலங்காட்டுக்குள் கட்டி

"நீருக்கு இவ்வளவு செய்தவர்கள் கட்டியையே ஏன் கரைக்கவில்லை?" என்று கேட்கலாம். காவல் படைக்குப் போட்டிருந்த பூட்டைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தாசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் வந்த மருந்துகள் தோல் புற்றுநோயிலும் நுரையீரல் புற்றுநோயிலும் நல்ல பலன் தந்தன. கணையத்தில் மட்டும் தோற்றன. காரணம், கணையக் கட்டியைச் சுற்றி அடர்த்தியான நார்த்திசு வளர்ந்துவிடுகிறது. நம் ஜில்லாவின் சீமைக் கருவேலங்காடு மாதிரி! காவற்காரன் விழித்திருந்தாலும் உள்ளே நுழைய வழி வேண்டுமே? மரபணுவில் ஒரு தனி அடையாளம் உள்ளவர்களுக்கு, கணையப் புற்றுநோய்க்காரர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில், அம்மருந்துகள் பலன் தருவதுண்டு. அதற்கான பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்பது நியாயம்.

காட்டை வெட்டும் முயற்சியும் நடக்கிறது. நியூயார்க்கில் வினோத் பாலச்சந்திரன் என்ற அறுவை டாக்டரின் குழு, கட்டியை அறுத்து எடுத்த பிறகு அவரவர் கட்டிக்கு ஏற்றபடி தடுப்பூசி தயாரித்து 16 பேருக்குப் போட்டது. 8 பேரின் காவல் படை விழித்துக்கொண்டது என்று 2023-ல் அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் அறுவைக்கு உகந்த நிலையில் இருந்தவர்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அந்தச் செய்தியை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

வீட்டார் செய்யக்கூடியவை

இனி நம் கரைக்குத் திரும்புவோம். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். 1988-ல் பாலத்தில் சாலை வந்ததிலிருந்து கார் போகிறது என்றாலும், நீர் கோத்த வயிற்றோடு அவ்வளவு தூரம் போய்வருவது தண்டனை. ஆனால் நீரை இறைப்பது பெரிய ஆபரேஷன் அல்ல. 2022-ல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆகவே மதுரையிலோ சென்னையிலோ வியாதியை நிர்ணயம் செய்த டாக்டரிடம், "அடுத்த முறை நீர் எடுப்பதைப் பக்கத்திலேயே செய்துகொள்ளக் கடிதம் தாருங்கள்" என்று கேளுங்கள். அடிக்கடி ஊறுகிறதென்றால், வயிற்றில் நிரந்தரமாகக் குழாய் வைத்து வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வடித்துக்கொள்ளும் முறை நோயாளிக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். குழாய் இருந்தால் சுத்தம் முக்கியம். காய்ச்சலோ புது வலியோ கண்டால் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பலர் வீணாக நோயாளியை வாட்டுகிறார்கள். கல்லீரல் கெட்டு வரும் மகோதரத்தில் உப்பைக் குறைப்பது அவசியம்; நீர் பிரியும் மாத்திரையும் கேட்கும். புற்றணுக்கள் சவ்வில் பரவி வரும் நீருக்கு இரண்டும் அவ்வளவாக உதவுவதில்லை. எந்த வகை என்று டாக்டரிடம் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தடை சொல்லாவிட்டால், ஆசைப்பட்டுக் கேட்கும் மீன் குழம்பை ஒரு கரண்டி கொடுப்பதில் பாவமில்லை. ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுங்கள். தலைப்பக்கம் தலையணைகளை அடுக்கிச் சாய்வாகப் படுக்கவையுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமல்ல. டாக்டர் கணக்காகக் கொடுக்கும் மார்பின், வலியால் துடிப்பவரைப் போதைக்காரராக்கிவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. 2014-ல் மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தி, வலிக்காக அது கிடைப்பதைச் சுலபமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோயின் வேதனையைத் தணிக்கும் சேவையும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

கடைசியாக, பணம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில் கரையோர வீடுகளின் கைச்செலவு எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில், "எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக் கட்டியைக் கரைக்கிறோம்" என்று பொடியும் டானிக்கும் விற்க வருகிறவர்களை நம்பிப் படகையும் நகையையும் இழக்கக் கூடாது. புது மருந்து எதுவானாலும் நாலு கேள்வி கேளுங்கள்: இது ஆயுளைக் கூட்டுமா, அவஸ்தையைக் குறைக்குமா? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நேர்மையான டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரம் 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே, 2021-ல் காலமாகும்வரை, அதற்குக் கொடுத்தார். எல்லோரையும் பிழைக்க வைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பிழைக்க வைக்க முடியாதவருக்கும் செய்ய வேண்டிய காரியம் நிறைய மிச்சமிருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. அந்தக் காரியத்தில் பாதி டாக்டர் கையில். மறு பாதி, தலையணையை உயர்த்தி வைத்து, கஞ்சியை ஆற்றிக் கொடுக்கும் வீட்டுப் பெண்களின் கையில்.